பழைய இரும்பின் துருவும் பழைய வர்ணமும்

ஆண்டுதோறும் மழைக்காலம் முடியும் தறுவாயில் வங்காளத்திலும் அதனை அடுத்த பகுதிகளிலும் விசுவகர்மா பூஜையும், தென்னாட்டில் ஆயுத பூஜையும் வருகின்றன. தொழிற்சாலைகளிலும் பட்டறைகளிலும் வீடுகளிலும் இயந்திரங்கள் துடைக்கப்பட்டுப் பொட்டிடப்படும் நாட்கள் அவை. உழைத்துச் சோறிடும் கருவியைப் போற்றும் இவ்வழக்கம் சிறப்புடையது என்பதில் ஐயமில்லை. ஆயினும், இந்நாட்களை ஒட்டித்தான் உப்புத்தாளும் கம்பிப் பிரஷும் எனாமல் டப்பாவும் மிகுதியாக வெளிவருகின்றன. நூறாண்டு கண்ட ஓர் இரும்புப் பொருளின் மீது துருப்புள்ளி ஒன்று தென்பட்டால், அதைச் சுரண்டும் கை அருகிலுள்ள பழைய வர்ணத்தையும் சேர்த்தே சுரண்டிவிடுகிறது. நூறாண்டுக் காலம் துருவினால் செய்ய இயலாத சேதத்தை ஒரு பிற்பகல் நேரத் துப்புரவு செய்து முடித்துவிடுகிறது.

தையல் இயந்திரம், இரும்புப் பெட்டகம், மேசை விசிறி, தராசு, ரயில்வே சமிக்ஞை விளக்கு போன்ற வர்ணம் பூசப்பட்ட பழைய இரும்புப் பொருள்கள் நாடெங்கும் லட்சக்கணக்கில் உள்ளன. அவற்றில் மிகச் சிலவே அருங்காட்சியகங்களை அடைந்தவை. ஏனையவை வீடுகளிலும் அலுவலகக் கிடங்குகளிலும் கிடக்கின்றன. அவற்றின் எதிர்காலம் விஞ்ஞான நிபுணர்களிடம் இல்லை. அவற்றை ஆண்டுக்கொருமுறை துடைப்பவர்களிடமே உள்ளது. ஆகையால், துருவை அகற்றும் முறை எது என்பதற்கு முன்னால், எந்த அளவோடு நிறுத்திக்கொள்வது என்பதே தீர்மானிக்கப்பட வேண்டிய முதற் கேள்வியாகும்.

துருவின் இயல்பு

இரும்பும் நீரும் ஆக்ஸிஜனும் கூடுவதால் உண்டாகும் நீரேறிய இரும்பு ஆக்ஸைடுகளின் கலவையே துரு. எந்த இரும்பிலிருந்து அது தோன்றிற்றோ அந்த இரும்பைக் காட்டிலும் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை கூடுதலான இடத்தை அது அடைத்துக்கொள்ளும். வர்ணத்தில் ஊசிமுனை அளவு துளை இருப்பினும் போதும்; ஈரம் உட்புகுந்து இரும்பைத் தீண்டும்; அங்கே விளைந்த துரு இடம் போதாமல் மேலெழுந்து வர்ணத்தைக் கொப்புளமாக உயர்த்தும்; கொப்புளம் வெடித்தபின் மேலும் ஈரம் புகும். வர்ணம் உரிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

எனினும் துரு தானாகவே பரவும் நோயன்று. அதற்கு ஈரம் இன்றியமையாதது. தூய காற்றில் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்துக்குக் கீழ் இருக்கும்வரை இரும்பு மிக மெதுவாகவே துருப்பிடிக்கிறது. அவ்வெல்லையைக் கடந்ததும் வேகம் திடீரென மிகுகிறது. உப்புக் காற்றோ புகையோ சேர்ந்தால் இதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலும் துரு வளரும். மும்பை, கொல்கத்தா போன்ற நகரங்களில் மழைக்காலம் முழுவதும் ஈரப்பதம் இவ்வெல்லைக்கு மேலேயே நிற்கிறது. இராஜஸ்தானத்தின் வறண்ட பகுதிகளில் ஆண்டின் பெரும்பகுதி அதற்குக் கீழே இருக்கிறது. ஒரே ஆலையில் ஒரே ஆண்டில் செய்யப்பட்ட இரு பொருள்களில் ஒன்று கொல்கத்தாவில் புண்பட்டும், மற்றொன்று பிகானேரில் பொலிவோடும் இருப்பின் அதற்கு இதுவே காரணமாகலாம்.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்று உண்டு. பொருளை உலர்ந்த இடத்தில் வைத்த அன்றே துருவின் வளர்ச்சி பெரும்பாலும் தடைப்பட்டுவிடுகிறது. அதன்பின் அவசரம் எதுவும் இல்லை. துருவை அகற்றும் வேலையை ஒரு நாளிலன்றிப் பல வாரங்களிலும் நிதானமாகச் செய்யலாம்.

வர்ணம் எதற்காக?

பழைய வர்ணத்தை இவ்வளவு கவலையோடு காப்பானேன் என்று சிலர் வினவலாம். இதற்கு விடையாகப் பழைய தையல் இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வது தகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே சிங்கர் கம்பெனியின் இயந்திரங்கள் இந்தியாவில் விற்பனையாகிவந்தன. அவற்றுள் பல, ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றங்கரையில் 1885 முதல் 1980 வரை இயங்கிய கிளைடுபேங்க் ஆலையில் செய்யப்பட்டவை. பிற்காலத்தில் கொல்கத்தாவிலும் லூதியானாவிலும் உருவான இந்திய இயந்திரங்களும் ஏறத்தாழ அதே தோற்றத்தைப் பின்பற்றின.

அவ்வியந்திரத்தின் வார்ப்பிரும்பு உடலின் மீது காணப்படும் ஆழ்ந்த கறுப்புப் பூச்சுக்கு ஜப்பான் பூச்சு என்று பெயர். ஜப்பானிய அரக்கு வேலைப்பாட்டைப் போலச் செய்ய ஐரோப்பியக் கைவினைஞர் முயன்றதால் வந்த பெயர் அது. நிலக்கீலையும் ஆளிவிதை எண்ணெயையும் டர்பெண்டைனில் கலந்து பூசி, உலையிலிட்டுச் சுட்டு இறுக்குவார்கள். அதன்மேல் பொன்னிறச் சித்திரங்களை ஒட்டுப்படமாகப் பதித்து, அவற்றின்மேல் மெல்லிய வார்னிஷ் பூசுவார்கள். பூங்கொடி, ஸ்பிங்க்ஸ் உருவம் முதலியன அச்சித்திரங்களில் அடங்கும். அடித்தட்டில் பொறிக்கப்பட்ட வரிசை எண் இயந்திரம் பிறந்த காலத்தைச் சொல்லும். சித்திரத்தின் வகை அந்த எண் கூறுவதை உறுதிப்படுத்தும்.

இவையன்றி வேறொரு செய்தியும் அவ்வர்ணத்தில் உண்டு. இயந்திரத்தின் முன்விளிம்பில், துணியும் கையும் ஓயாமல் உராய்ந்த இடத்தில், பொன் தேய்ந்து கறுப்பும் மெலிந்திருக்கும். எத்தனையோ ஆண்டுகள் அங்கே ஒரு பெண்மணி அமர்ந்து துணி தைத்து வாழ்க்கை நடத்திய வரலாறு அத்தேய்மானத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அவருடைய பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதிருக்கலாம். உப்புத்தாளும் புதிய எனாமலும் படும்போது அந்த ஒரே பதிவும் அழிகிறது. துருவினால் ஏற்பட்ட கறையைப் பின்னொரு நாள் நீக்கிக்கொள்ளலாம். அகற்றப்பட்ட வர்ணத்தை எவராலும் திரும்ப வைக்க முடியாது.

பொதுவாகக் கையாளப்படும் முறைகளும் அவற்றின் தீங்கும்

உப்புத்தாளும் எஃகுப் பஞ்சும் யாவரும் அறிந்தவை. துருத் துகள் வர்ணத்தைவிடக் கடினமானது. அதனைத் தேய்க்கும்போது துகளே உப்புத்தாளின் மணல்போல் சுற்றியுள்ள வர்ணத்தை அராவுகிறது. எஃகுப் பஞ்சின் நுண்ணிய இழைகள் முறிந்து வர்ணத்தின் பிளவுகளில் தங்கி, பின்னர் தாமே துருப்பிடித்துப் புதிய புள்ளிகளை உண்டாக்குகின்றன.

அமிலங்கள் அடுத்தவை. புளி, எலுமிச்சைச் சாறு, வினிகர் ஆகியவற்றிலிருந்து பாஸ்பாரிக் அமிலம் வரை யாவும் துருவைக் கரைக்கும். ஆனால் அவை துருவோடு நின்றுவிடுவதில்லை. ஈய வெள்ளை வினிகரில் கரையும். அல்ட்ராமரின் நீலம் அமிலம் பட்டதும் நிறமிழக்கும். மேலும், வர்ணத்தின் வெடிப்புகளில் புகுந்த அமிலத்தை முற்றிலும் கழுவி நீக்குவது இயலாத காரியம். எஞ்சிய அமிலம் அடியிலுள்ள இரும்பைத் தொடர்ந்து அரிக்கும்.

காரங்களின் போக்கும் இத்தகையதே. சலவைச் சோடாவும் காஸ்டிக் சோடாவும் வர்ணத்திலுள்ள எண்ணெயைச் சோப்பாக மாற்றி அதை இளக்கிவிடும். பிரஷ்ய நீலம் காரத்தில் பழுப்பாகும். மின்சாரத்தைச் செலுத்தித் துருவை நீக்கும் முறை வர்ணமற்ற இரும்புக்குப் பயன்படுகிறது. ஆனால் காரக் கரைசலில் வர்ணமிட்ட பொருளை இறக்கினால், இரும்பின்மீது எழும் ஹைட்ரஜன் குமிழிகளே வர்ணத்தை அடியோடு பெயர்த்துவிடும்.

இரும்பை மட்டும் பற்றி இழுக்கும் ரசாயனங்கள் இக்காலத்தில் கடைகளில் கிடைக்கின்றன. அவை வர்ணத்தைத் தொடா என்று விற்பவர் கூறுவதுண்டு. இவ்விடத்தில் ஓர் உண்மையை மறத்தலாகாது. காவிச் செம்மையும், இரும்புக்கு அடிப்பூச்சாக இடப்படும் ரெட் ஆக்ஸைடும் இரும்பு ஆக்ஸைடே. துரு எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ அதே குடும்பத்தைச் சேர்ந்தவை இவ்வர்ணங்கள். இது பகை, இது நட்பு எனப் பிரித்தறியும் ஆற்றல் ரசாயனத்துக்குக் கிடையாது. அதை உபயோகிப்பவருக்கே இருக்க வேண்டும்.

துருவை நீக்காமல் அதனைக் கறுப்பாக மாற்றிவிடும் முறை ஒன்றும் உண்டு. டானிக் அமிலம் துருவோடு சேர்ந்து நீலங்கலந்த கரிய பொருளாகிறது. காளஹஸ்தியில் கலம்காரி எழுதுவோர் வெல்லநீரில் இரும்புத் துண்டுகளை ஊறவைத்த கரைசலை, கடுக்காய் ஊட்டிய துணியில் தீட்டிக் கறுப்பு நிறம் பெறுவது இதே வினையால்தான். வர்ணம் முற்றிலும் நீங்கிய இரும்புப் பரப்புக்கு இம்முறை ஏற்றது. வெளிர் நிற வர்ணத்தின் ஓரத்தில் அது பட்டுவிட்டாலோ, அக்கறை நீங்காது.

அடக்கமான வழி

மேற்கூறிய தையல் இயந்திரத்தையே மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம். முதலில் அதைப் பகலொளியில், பக்கவாட்டில் வெளிச்சம் விழுமாறு வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். நான்கு புறமும் புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது செந்நிறம் யாவும் ஒரே வகையல்ல என்பது புலப்படும். முதல் வகை, வேறோரிடத்துத் துரு வழிந்து வர்ணத்தின்மேல் படிந்த கறை. இரண்டாவது, வர்ணம் பெயர்ந்த இடத்தில் வெளிப்பட்ட இரும்பின் துரு. மூன்றாவது, வர்ணத்தின் அடியில் இருந்து அதை உயர்த்தும் கொப்புளம். இவை மூன்றையும் தவிர, துருவே அல்லாத ஒன்று அவ்வப்போது துருவென மயங்க வைக்கும். பல்லாண்டு உலர்ந்துபோன இயந்திர எண்ணெய் பழுப்பு நிற ஏடாக இறுகியிருக்கும். புதிய எண்ணெயை இட்டுச் சற்று நேரம் விட்டால் அது இளகிவிடும்; துரு இளகாது. இச்சிறு சோதனையைச் செய்யாமல் சுரண்டப்பட்ட பொற்சித்திரங்கள் பல.

அடுத்தது, கண்ணில் படாத ஒரு மூலையில் பரீட்சை. மெல்லிய குச்சியில் பஞ்சைச் சுற்றி, தையல் இயந்திர எண்ணெயில் தோய்த்து அம்மூலையில் மெதுவாக உருட்ட வேண்டும். பஞ்சில் கறுப்போ பொன்னிறமோ ஏறினால் அவ்வளவில் நிறுத்திவிடுவதே நன்று. ஸ்பிரிட்டை இங்கே எக்காரணம் கொண்டும் உபயோகிக்கலாகாது. மரச்சாமான்களுக்கு மெருகிடுவோர் அரக்கைக் கரைக்க உபயோகிப்பது ஸ்பிரிட்டே. சித்திரத்தின் மேலுள்ள வார்னிஷ் அரக்கினால் ஆனதாயின் அதுவும் கரைந்துபோகும். அமோனியா கலந்த துப்புரவு நீர்களும் விலக்கத்தக்கவை. நுண்ணிய வெடிப்புகள் உள்ள பூச்சின்மேல் தண்ணீரையும் தவிர்ப்பது நலம்.

பரீட்சை தேறியபின் வேலை எளியது. ஆனால் பொறுமையை வேண்டுவது. மென்மையான பிரஷினால் தூசியை நீக்கியபின், எண்ணெய் தோய்த்த பஞ்சை வர்ணத்தின் மேலுள்ள கறையில் உருட்டி, அழுக்கான பஞ்சை அடிக்கடி மாற்ற வேண்டும். ஒரே நாளில் முடிக்க முயலாமல், எண்ணெயை ஓரிரவு விட்டு மறுநாள் துடைத்தல் சிறந்தது. பொற்சித்திரத்தின் மீது அழுத்தம் கூடாது. வெளிப்பட்ட இரும்பின் துருவை மூங்கில் சிம்பினாலோ, மிகத் தாழ்வாகப் பிடித்த சிறு கத்தியினாலோ, பூதக்கண்ணாடியின் கீழ் புள்ளியின் நடுவிலிருந்து தொடங்கி எடுக்க வேண்டும். வர்ணத்தின் ஓரத்தை நெருங்கியதும் மயிரிழை அகலத் துருவை அப்படியே விட்டுவிட வேண்டும். அந்த மயிரிழை அகலமே இக்கலையின் சாரம். அதையும் அகற்ற விரும்பும் கை வர்ணத்தின் ஓரத்தை உடைத்துவிடும்.

கொப்புளங்களைத் தொடாமல் விடுவதே சாதாரண மக்களுக்கு உகந்தது. அவற்றைப் படியவைத்து ஒட்டுவது பயிற்சி பெற்றோர் வேலை. வர்ணமில்லாத, கழற்றக்கூடிய பாகங்களைத் தனியே எடுத்துத் துப்புரவு செய்யலாம். அப்போது வலுவான முறைகளும் வர்ணத்துக்கு ஆபத்து விளைவிப்பதில்லை. முடிவில் மிகுந்த எண்ணெயைத் துடைத்து நீக்கி, நுண்படிக மெழுகை மெல்லியதாகப் பூசி, மென்துணியால் தேய்த்து விடலாம். பின்னர் அதைப் பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றி வைத்தல் தவறு. உள்ளே சிக்கிய ஈரம் இரவின் குளிர்ச்சியில் நீர்த்துளியாகி இரும்பின்மேல் படியும். தரையினின்று உயர்த்தி, காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில் பருத்தித் துணி போர்த்தி வைப்பதே முறை.

எதிர்வாதங்கள்

பாதி துருவை விட்டுவைத்தால் அது எஞ்சிய இரும்பையும் தின்றுவிடாதா என்பது ஓர் ஆட்சேபம். ஈரம் தடுக்கப்பட்ட துருவுக்கு அவ்வாற்றல் மிகக் குறைவு என்பது முன்னரே கூறப்பட்டது. தில்லியில் குதுப் மினார் அருகே நிற்கும், ஏறத்தாழ 1,600 ஆண்டுப் பழமையுடைய இரும்புத் தூண் இதற்கு ஓரளவு சான்று. அதன் இரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருப்பதால், அதன்மீது உண்டான துருப் படலமே கெட்டியான காப்பாக அமைந்தது. தூணைக் கைகளால் அணைத்துப் பார்க்கும் பார்வையாளர் கூட்டத்தால் அப்படலம் தேய்ந்தமையால் 1997இல் சுற்றிலும் வேலி இடப்பட்டது. சாதாரண இரும்புக்கு அத்தகைய பாஸ்பரஸ் இல்லை; ஆதலால் அதற்கு மெழுகும் உலர்ந்த இடமும் தேவை. உப்பேறிய கடற்கரை இரும்பு மட்டும் இதற்கு விலக்கு. அதன் துருவினுள் குளோரைடு தங்கியிருப்பதால் நிபுணரின் சிகிச்சை வேண்டும்.

நாள்தோறும் உழைக்கும் இயந்திரத்துக்கு வர்ணம் பூசாமல் இருக்க முடியுமா என்பது மற்றோர் ஆட்சேபம். இதில் நியாயம் உண்டு. 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்டு, 1909இல் ஓய்வு பெற்ற ஃபேரி குயீன் என்ற நீராவி எஞ்சின், 1997இல் மீண்டும் தண்டவாளத்தில் ஓடத் தொடங்கியது. வெயிலிலும் மழையிலும் நீராவியிலும் இயங்கும் அத்தகைய பொருளுக்குப் புதிய வர்ணம் என்பது பராமரிப்பின் ஒரு பகுதி. வர்ணம் ஏற்கெனவே பெரும்பாலும் உதிர்ந்துவிட்ட பொருளுக்கும் புதிதாகப் பூசுவதில் தவறில்லை. ஆனால் அலமாரியிலும் கிடங்கிலும் ஓய்வாக உள்ள பொருளுக்கு இந்நியாயம் பொருந்தாது. மேலதிகாரி வருகிறார் என்பதற்காகவோ, விழா வருகிறது என்பதற்காகவோ அதற்கு எனாமல் பூசுவது பராமரிப்பு ஆகாது.

உடல்நலத்தை ஒட்டிய காரணமும் உண்டு. பழைய வர்ணங்களில் ஈய வெள்ளையும் ஈயச் செந்தூரமும் தாராளமாகக் கலக்கப்பட்டன. இந்தியாவில் வீட்டு வர்ணங்களில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படாமல் கட்டுப்படுத்தும் விதிகள் 2016இல் வெளியாகி, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முற்பட்ட வர்ணத்தை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்கும்போது எழும் தூசி, தேய்ப்பவரின் நுரையீரலையும், அருகில் விளையாடும் குழந்தையின் உடலையும் அடைகிறது. ஈயத்தின் நஞ்சு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பது ஐயத்துக்கு இடமின்றி அறியப்பட்டது. வர்ணத்தைக் காப்பதும் குழந்தையைக் காப்பதும் இங்கே ஒரே செயலாகின்றன.

செய்ய வேண்டுவன

இத்துறையில் நாட்டுக்கு அறிவுப் பஞ்சம் இல்லை. இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையில் ரசாயனப் பிரிவு 1917ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது. 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பை முக்கிய ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டுள்ளது. பண்பாட்டுப் பொருள்களின் பாதுகாப்புக்கென்றே லக்னோவில் 1976இல் தேசிய ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. இவற்றில் சேர்ந்துள்ள அறிவு, துருப்பிடித்த பொருளின் முன் துணியும் கையுமாக நிற்பவரைச் சென்றடையவில்லை என்பதே குறை.

அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. செய்ய வேண்டுவனவும் செய்யலாகாதனவும் அடங்கிய ஒரு பக்கத் துண்டுப் பிரசுரத்தை எல்லா இந்திய மொழிகளிலும் அச்சிட்டு, கிடங்குக் காப்பாளர்கள், பணிமனைகள், சிறு அருங்காட்சியகங்கள், பள்ளிகள் ஆகிய இடங்களுக்கு அனுப்பலாம். ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட பொருளுக்கு வர்ணம் பூசுமுன் புகைப்படம் எடுத்தல் வேண்டும், பழைய வர்ணத்தின் ஒரு சிறு பகுதியையேனும் தீண்டாமல் விடுதல் வேண்டும் என்று அலுவலகங்களில் விதி செய்யலாம். பிற்காலத்தில் அப்பொருளை ஆராய்பவருக்கு அச்சிறு பகுதியே ஆதாரமாக உதவும்.

துருவின்மேல் பகைமை கொள்வதில் குற்றம் இல்லை. ஆனால் பகையை வெல்லும் ஆர்வத்தில் காக்க வேண்டியதையே அழித்துவிடுதல் அறிவுடைமை ஆகாது. விழா நாளன்று பொட்டிடப்படும் பழைய இயந்திரம், ஓரிரு செம்புள்ளிகளோடும் தேய்ந்த பொற்கொடியோடும் காட்சியளிப்பதில் இழுக்கு ஏதும் இல்லை. அது உழைத்த காலம் அதன் உடலிலேயே தெரிய வேண்டுமாயின், கையிலெடுத்த உப்புத்தாளை மீண்டும் பெட்டியில் வைத்துவிட்டு, பஞ்சையும் எண்ணெயையும் எடுத்தலே தகும்.